காலேஜ் சர்வரை க்ளவுடுக்கு மாத்துறது: எது முதல்ல, எது கடைசில, எங்க சறுக்கும்

2000-ல இருந்து 5000 பசங்க வரைக்கும் படிக்கிற காலேஜ், ஆபீஸ் பக்கத்துல ஏசி போட்ட குட்டி ரூம்ல ஒரு பழைய சர்வர், அதைப் பாத்துக்க ஒரே ஒரு சிஸ்டம் அட்மின், அவரும் பாதி நேரம் செமினார் ஹால்ல புரொஜெக்டர் கேபிள் மாட்டிட்டு இருப்பாரு. இந்த மாதிரி இடத்துல மெயில், மூடுல் (பாடம், அசைன்மென்ட், ஆன்லைன் டெஸ்ட் எல்லாம் நடத்துற சாஃப்ட்வேர்), ஃபைல் எல்லாத்தையும் க்ளவுடுக்கு கொண்டு போற வேலையை உங்க தலையில கட்டியிருந்தா இது உங்களுக்குத்தான்.

இந்த வேலை பாதியில நிக்கிற காலேஜ் நிறைய. டெக்னிக்கலா முடியாம நின்னது ரொம்ப கம்மி. பாஸ்வேர்டு யார்கிட்ட, பில்லு எந்தக் கணக்குல, மார்க் மாறிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது, இந்த மூணையும் முடிவு பண்ணாம நேரா சர்வர்ல கை வெச்சதாலதான் நின்னுச்சு. அதனால கீழ இருக்குற வரிசையை மாத்தாதீங்க. போர் அடிக்கிற வேலையெல்லாம் முன்னாடி வரும், வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கேன்.

1. தொடங்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பிரின்சிபால் கையெழுத்து போட்ட ஒரு பக்க ஆர்டர். எந்தெந்த சர்வீஸ் மாறுது, யார் பொறுப்பு, எந்த மாசத்துக்குள்ள, அவ்வளவு போதும். இது இல்லாம போனா ஒவ்வொரு ஹெச்.ஓ.டி ரூம்லயும் "இதை யார் உங்களைப் பண்ணச் சொன்னது" கேள்விக்கு நீங்க தனித்தனியா பதில் சொல்லிட்டு இருப்பீங்க.

அடுத்து டொமைன், அதாவது காலேஜோட இணைய முகவரி, யார் பேர்ல இருக்குன்னு தெரியணும். ஏசி டாட் இன், ஈடியூ டாட் இன் டொமைன் எல்லாம் எர்நெட் இந்தியா வழியாத்தான் பதிவாகுது. அங்க கொடுத்திருக்குற காண்டாக்ட் மெயில், வேலையை விட்டுப் போன யாரோ ஒரு லெக்சரரோட பர்சனல் ஜிமெயிலா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ரினியூவல் நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் இப்ப வேற ஊர்ல வேற காலேஜ்ல இருப்பாரு.

மூணாவது, இப்ப என்னென்ன ஓடுதுன்னு ஒரு லிஸ்ட். மூடுல், லைப்ரரில கோஹா, ஆபீஸ்ல டேலி, ஃபீஸ் சாஃப்ட்வேர், பயோமெட்ரிக், சி.ஓ.ஈ (எக்ஸாம் கன்ட்ரோலர்) ஆபீஸ்ல இருக்குற ரிசல்ட் புரோகிராம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யார் வேண்டர், யார் தினமும் தொடுறாங்க, கடைசியா எப்ப பேக்கப் எடுத்தாங்கன்னு எழுதுங்க. பேக்கப் காலம்ல பாதி காலியாத்தான் இருக்கும், அதையும் அப்படியே வெச்சு பிரின்சிபால்கிட்ட காட்டுங்க. க்ளவுடுக்கு ஏன் போகணும்னு நீங்க பேச வேண்டியதை அந்தக் காலமே பேசிடும்.

2. சாவி யார்கிட்ட

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதை முடிங்க. டொமைன், டிஎன்எஸ் (அந்த முகவரி எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பதிவு), கூகுள் இல்லன்னா மைக்ரோசாஃப்ட் அட்மின், சர்வர் வாடகைக்குத் தர்ற அமேசான் க்ளவுடோட ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) அக்கவுண்ட், இந்த நாலுக்கும் ஆள் பேர்ல இல்லாம பதவி பேர்ல தனி ஐடி வேணும். சூப்பர் அட்மின் கண்டிப்பா ரெண்டு பேர். ஒரே ஆள் வெச்சிருந்து அவரு பைக்ல விழுந்து ஆஸ்பத்திரில இருந்தா அட்மிஷன் சீசன்ல ஒரு புது மெயில் ஐடி கூட போட முடியாது.

ரெக்கவரி மெயிலை அதே டொமைன்ல வெக்காதீங்க, புதுசா வர்றவங்க அடிக்கடி பண்ற தப்பு இது. டொமைன் எக்ஸ்பயர் ஆயிட்டா அந்த மெயிலும் வராது, அப்புறம் எக்ஸ்பயர் ஆனதையே சொல்ல வழி இருக்காது. டூ ஸ்டெப்புக்கு ஒரு ஆளோட போன் நம்பரை மட்டும் நம்பாதீங்க, பேக்கப் கோடு பிரிண்ட் எடுத்து கவர்ல ஒட்டி பிரின்சிபால் ரூம் பீரோல வெச்சுடுங்க. நாலு தடவையாவது உதவும்.

கன்சல்டன்ட் யாராவது "எங்க அக்கவுண்ட்லயே உங்களுக்கு சர்வர் போட்டுத் தரோம் சார், நீங்க மாசம் காசு மட்டும் கொடுங்க"ன்னு வருவாங்க. வேலைய அவங்க செய்யட்டும், அக்கவுண்ட் மட்டும் காலேஜ் பேர்ல இருக்கணும். அவங்களோட சண்டை வந்தா டேட்டா அவங்க பக்கம் மாட்டிக்கும்.

3. காசு எந்த ஹெட்ல

சர்வர் வாங்குறதுன்னா பர்சேஸ் கமிட்டிக்கு பழகின வேலை. மூணு கொட்டேஷன், ஒரு தடவை செக், ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என்ட்ரி. க்ளவுடுக்கு ஸ்டாக் என்ட்ரியும் கிடையாது, ஒரே தொகையும் கிடையாது, மாசாமாசம் வேற வேற பில் வரும். ஆடிட்டர் "பொருள் எங்க"ன்னு கேப்பாரு. அதனால பட்ஜெட் போடுற நேரத்துலயே ரெக்கரிங் செலவுல, இன்டர்நெட் பில் இருக்குற அதே தலைப்புல, வருஷத்துக்கு ஒரு உச்சவரம்பு வாங்கி வெச்சுடுங்க. இதை மார்ச்ல விட்டுட்டா அடுத்த மார்ச் வரைக்கும் காத்திருக்கணும்.

கணக்குப் போடும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டியை சேர்த்தே போடுங்க. கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறதால காலேஜால இன்புட் கிரெடிட் (கட்டின வரியைக் கழிச்சுக்கிறது) எடுக்க முடியாது, அந்த 18 அப்படியே செலவுதான். அமேசான் இந்தியாவுல ரூபாயில பில் போட்டாலும் விலைப்பட்டியல் டாலர்ல இருக்கு, டாலர் ஏறினா பில்லும் ஏறும். 10-ல இருந்து 15 சதவீதம் கூட வெச்சுக் கேளுங்க.

இன்னொண்ணு, ஆட்டோ டெபிட். ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டுல தானா போற மாதத் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினா ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேணும். அந்த கார்டு கரஸ்பாண்டன்ட் பேர்ல இருக்கும், ஓடிபி அவரோட போனுக்குப் போகும், அவரு கல்யாண வீட்டுல இருப்பாரு. பில் கட்டலன்னு சர்வரை நிறுத்தினா பசங்க உங்களைத்தான் திட்டுவாங்க. இன்வாய்ஸ் வாங்கி பேங்க் வழியா கட்டுற ஏற்பாட்டை அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல முதல்லயே பேசி வெச்சுடுங்க.

பட்ஜெட் அலர்ட் போட்டுட்டா செலவு தானா நின்னுடும்னு நினைக்கிறவங்க நிறைய. அலர்ட் மெயில்தான் அனுப்பும், அதுவும் சில மணி நேரம் தள்ளித்தான் வரும். பாதி தொகையில ஒண்ணு, 80 சதவீதத்துல ஒண்ணுன்னு வெச்சு, உங்களுக்கு மட்டும் இல்லாம அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கும் போற மாதிரி வைங்க.

4. லைனும் கரண்டும்

ஐஐடி, என்ஐடி, பெரிய யுனிவர்சிட்டிக்கெல்லாம் நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க் லைன் இருக்கு. செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜுக்கு பெரும்பாலும் கிடையாது, ஒரு லீஸ்டு லைன், கூட ஒரு பிராட்பேண்ட், அவ்வளவுதான். 60 சிஸ்டம் இருக்குற ஒரு லேப்ல எல்லாரும் 2 எம்பிபிஎஸ் வீடியோ பாத்தாலே 120 ஆச்சு. உங்ககிட்ட இருக்குறது 100-ன்னா க்ளவுட் ஸ்லோன்னுதான் பேர் வரும், தப்பு லைன்ல இருக்கும். ரெண்டு கம்பெனி லைன் வாங்கினாலும் ரெண்டும் ஒரே கம்பத்துல, ஒரே பள்ளத்துல வர்றதான்னு பாருங்க, ரோடு போடுற ஜேசிபி ரெண்டையும் சேர்த்துதான் வெட்டும்.

யுபிஎஸ் சர்வர் ரூமுக்கு மட்டும் இருந்து, மாடில இருக்குற ஸ்விட்சுக்கும் வைஃபை பாக்ஸுக்கும் இல்லன்னா கரண்ட் போனதும் எல்லாம் போச்சு. இது சின்ன செலவு, இப்பவே பண்ணிடுங்க.

5. எதை ஏத்தணும், எதை விடணும்

மெயிலும் ஃபைலும் முதல்ல, அப்புறம் மூடுல், அதுக்கப்புறம் லைப்ரரி, வெப்சைட். ரிசல்ட் புரோகிராம் கடைசி. கொஸ்டின் பேப்பர் தயாரிக்கிற சிஸ்டம் ஏறவே வேண்டாம், அது நெட் இல்லாத ரூம்லயே இருக்கட்டும். இந்த வரிசைக்கு காரணம், மெயில் தப்பானா ஒரு நாள் தலைவலியோட முடியும், ரிசல்ட் தப்பானா பேப்பர்ல வரும். சி.ஓ.ஈ உங்களை நம்பணும்னா மூடுல் ஒரு செமஸ்டர் ஒழுங்கா ஓடினதை அவர் கண்ணால பாக்கணும், பேசிப் பேசி அவரை சம்மதிக்க வெக்க முடியாது.

6. மெயில்: லிஸ்ட்தான் பாதி வேலை

கூகுள் எஜுகேஷன்ல ஃபண்டமெண்டல்ஸ், மைக்ரோசாஃப்ட்ல ஏ1, ரெண்டும் தகுதியுள்ள காலேஜுக்கு இலவசம். தகுதியை சரிபார்க்க அவங்க டாக்குமெண்ட் கேப்பாங்க, அப்ரூவல் உடனே வராது, அதனால அட்மிஷன் முடியிற வரைக்கும் உக்காந்திருக்காம முன்னாடியே அப்ளை பண்ணுங்க.

இப்ப எக்செல் லிஸ்ட். ஆபீஸ்ல இருந்து வர்ற ஷீட்டைத் திறந்தா ரெஜிஸ்டர் நம்பர் காலம்ல 12 இலக்க நம்பருக்குப் பதிலா 7.1-க்குப் பக்கத்துல ஈ பிளஸ் 11-ன்னு நிக்கும். எக்செல் பெரிய நம்பரை சுருக்கிக் காட்டுது. அதை அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணீங்கன்னா சுருக்கினதுதான் ஃபைல்ல விழும், கடைசி இலக்கமெல்லாம் போயிடும், ஒரு கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே ஐடி வரும். காலத்தை முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்தி வெச்சுட்டுத்தான் நம்பரை ஒட்டணும். சிஎஸ்வியை சேவ் பண்ணினதுக்கப்புறம் மறுபடி எக்செல்ல திறந்து பாக்காதீங்க, நோட்பேட்ல பாருங்க.

அடுத்து பேரு. அந்த ஃபைல்ல லாஸ்ட் நேம் கட்டாயம், நம்ம பசங்களுக்கு இருக்குறது இனிஷியல். சிலர் இனிஷியலை முன்னாடி போடுவாங்க, சிலர் பின்னாடி, சிலர் அப்பா பேரையே முழுசா எழுதுவாங்க, விட்டா ஒரே டிபார்ட்மெண்ட்ல மூணு விதம் இருக்கும். பிளஸ் டூ மார்க் ஷீட்ல இருக்குற பேர் ஃபர்ஸ்ட் நேம், இனிஷியல் லாஸ்ட் நேம்னு ஒரே விதி போட்டுடுங்க. மெயில் ஐடியை பேரை வெச்சு உருவாக்காதீங்க, ஒரு பேட்ச்ல எத்தனை கார்த்திக், எத்தனை பிரியா! ரோல் நம்பர்தான் சரி. ஸ்டாஃபுக்கு மட்டும் பேர்.

முதல்ல எல்லா ஐடியும் உருவாக்கணும், அதுக்கப்புறம்தான் எம்எக்ஸ் ரெக்கார்டை (காலேஜுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு டிஎன்எஸ்ல இருக்குற பதிவு) மாத்தணும். தலைகீழா பண்ணினா நடுவுல வர்ற மெயிலெல்லாம் ஆள் இல்லைன்னு திரும்பிப் போயிடும். மாத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிடிஎல்லை (பழைய பதிவை மத்த சர்வர்கள் எவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சுக்கும்ங்கிறது) 300 செகண்டுக்கு இறக்கிடுங்க, ஏதாவது சொதப்பினா சீக்கிரம் பழையபடி திருப்பலாம். எஸ்பிஎஃப் ரெக்கார்டு (உங்க பேர்ல எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்ங்கிற பட்டியல்) ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கலாம், பழசை விட்டுட்டு புதுசா இன்னொண்ணு சேர்த்தா ரெண்டுமே செல்லாது. டிகிம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து) போடுங்க, டிமார்க்கை (இந்த சோதனைல தேறாத மெயிலை என்ன பண்ணணும்ங்கிற விதி) முதல்ல எதையும் தடுக்காத நிலையில வெச்சு ஒரு மாசம் ரிப்போர்ட் பாருங்க. ஃபீஸ் சாஃப்ட்வேர், பிளேஸ்மென்ட் போர்ட்டல்னு யாருக்கும் ஞாபகம் இல்லாத எதெல்லாம் காலேஜ் பேர்ல மெயில் அனுப்புதுன்னு அந்த ரிப்போர்ட்லதான் தெரியும்.

7. ஸ்டாஃப் ரூம்

எல்லாரும் எஃப்.டி.பி (ஸ்டாஃபுக்கான பயிற்சி) ஒண்ணு நடத்தி சர்டிஃபிகேட் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. ரெண்டாவது வாரம் பாருங்க, இன்டர்னல் மார்க் மறுபடி பென்டிரைவ்ல, நோட்ஸ் மறுபடி வாட்சப் குரூப்ல. சீனியர் ஸ்டாஃபுக்கு கத்துக்க முடியாதுன்னு சொல்றது வீண்பேச்சு, அவங்க பயம் வேற. "நான் போட்ட மார்க்கை எவனாவது மாத்திட்டா கையெழுத்து போட்டவன் நான்தானே?" நியாயமான கேள்விதான். இதுக்கு ஸ்லைடு போட்டு பாதுகாப்பு பத்தி பேசாதீங்க. அவரோட ஷீட்டையே திறங்க, ஒரு மார்க்கை அவர் கண்ணு முன்னாடி 18-ல இருந்து 8-ஆ மாத்துங்க, அப்புறம் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து யார், எத்தனை மணிக்கு, எதை மாத்தினாங்கன்னு காட்டி, ஒரே கிளிக்ல பழைய நிலைக்குத் திருப்பிக் காட்டுங்க. பென்டிரைவ்ல இருக்குற ஃபைல்ல இது தெரியுமான்னு கேளுங்க. அந்த அஞ்சு நிமிஷம் ஒரு நாள் டிரெய்னிங்கை விட வேலை செய்யும்.

டிபார்ட்மெண்டுக்கு ஒரு இளம் ஸ்டாஃபைப் பிடிச்சு, அவருக்கு இந்தப் பொறுப்புக்காக வாரத்துல ஒரு பீரியடாவது குறைச்சுக் கொடுக்கச் சொல்லி ஹெச்.ஓ.டிகிட்ட கேளுங்க. சும்மா தலையில கட்டினா ஒரு மாசத்துல ஒதுங்கிடுவாரு.

நாக் (காலேஜுக்கு தரச் சான்று கொடுக்குற அமைப்பு) ஃபைல், டிபார்ட்மெண்ட் ஃபைல் எல்லாம் கூகுள் ஷேர்டு டிரைவ்ல இருக்கணும், தனி ஆளோட மை டிரைவ்ல கூடாது. ஷேர்டு டிரைவ்ல இருக்குற ஃபைல் காலேஜுக்குச் சொந்தம். மை டிரைவ்ல இருக்குறதை, ஸ்டாஃப் ரிசைன் பண்ணி ஐடியை டெலீட் பண்ணிட்டா 20 நாளைக்குள்ள மீட்கலாம், அதுக்கப்புறம் போனது போனதுதான். ஏற்கனவே பர்சனல் ஜிமெயில்ல கிளாஸ்ரூம் நடத்திட்டு இருக்கறவங்களை செமஸ்டர் நடுவுல இழுக்காதீங்க, அடுத்த செமஸ்டர்ல காலேஜ் ஐடில புதுசா தொடங்கச் சொல்லுங்க.

8. மூடுல் இடமாற்றம்

வெர்ஷன் அப்கிரேடையும் இடமாற்றத்தையும் ஒரே ராத்திரில பண்ணாதீங்க. எர்ரர் வந்தா எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. பழைய வெர்ஷனை அப்படியே புது இடத்துல ஓட வெச்சு, ஒரு வாரம் பாத்துட்டு அப்கிரேட் பண்ணுங்க.

கொண்டு போக வேண்டியது மூணு: டேட்டாபேஸ், மூடுல்டேட்டா ஃபோல்டர், பிளகின் உள்பட கோடு. மெயின்டெனன்ஸ் மோடு போட்டு, யாரும் உள்ள வர முடியாம பண்ணிட்டுத்தான் டேட்டாபேஸ் டம்ப் (மொத்த நகல்) எடுக்கணும், இல்லன்னா டம்ப் எடுக்குற நேரத்துல ஒருத்தன் அசைன்மென்ட் ஏத்திட்டு இருப்பான், ஃபைல் ஒரு பக்கம் என்ட்ரி ஒரு பக்கம் ஆயிடும். மூடுல்டேட்டாவுக்குள்ள ஃபைல்டிர்னு ஒண்ணு இருக்கும், உள்ள எல்லா ஃபைல் பேரும் புரியாத எழுத்தும் நம்பருமா நீளமா இருக்கும். குப்பைன்னு நினைச்சு அழிச்சவங்க இருக்காங்க. பசங்க ஏத்தின அசைன்மென்ட், ஸ்டாஃப் போட்ட பிடிஎஃப் எல்லாமே அதுதான், மூடுல் ஃபைலை அதோட ஹாஷ் (உள்ளடக்கத்தை வெச்சு கணக்கிட்ட குறியீடு) பேர்லதான் வெச்சுக்கும். கேஷ், டெம்ப் ஃபோல்டரை மட்டும் தாராளமா விட்டுடலாம்.

புது சர்வர்ல கான்ஃபிக் ஃபைல்ல முகவரி சரியா இருக்கா, ஃபோல்டர் பர்மிஷன் சரியா இருக்கா, கிரான் (பின்னணி வேலையைத் தானா செய்யுற புரோகிராம்) நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுதான்னு பாருங்க. கிரான் ஓடலன்னா சைட் நல்லா திறக்கும், மெயில் மட்டும் போகாது, ரெண்டு வாரம் கழிச்சுத்தான் யாராவது சொல்லுவாங்க. அந்த மெயிலை ஒரு சாதாரண கூகுள் ஐடி வழியா அனுப்பாதீங்க, ஒரு ஐடிக்கு நாளைக்கு 2000 மெயில்தான் அளவு, 3000 பசங்களுக்கு ஒரு அறிவிப்பு போட்டதும் அந்த ஐடி முடங்கிடும்.

இன்னொரு இடக்கு: காலேஜ்ல இருக்குற எல்லாரும் வெளிய ஒரே ஐபிலதான் தெரிவாங்க. தப்பு பாஸ்வேர்டு போட்டா பிளாக் பண்ற பாதுகாப்பு சர்வர்ல இருந்தா, லேப்ல நாலு பசங்க பாஸ்வேர்டு மறந்ததுக்கு மொத்த காலேஜும் வெளிய நிக்கும். காலேஜ் ஐபியை விலக்குப் பட்டியல்ல சேருங்க.

9. ஆன்லைன் டெஸ்ட் நாள்

மொத்தம் எத்தனை பசங்கன்னு பாத்து சர்வர் சைஸ் முடிவு பண்ணாதீங்க. 10 மணிக்கு டெஸ்ட்னா 9:59-க்கு எத்தனை பேர் ஒண்ணா பட்டனைத் தட்டுறாங்கன்னு பாருங்க. 300 பேர் எழுதும்போது மூடுல் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டோசேவ் பண்ணுது, அதுவே செகண்டுக்கு 5 சேவ், அது தாங்கும், தொடக்கத்துல வர்ற அந்த அலைதான் சர்வரை சாய்க்கும். டிபார்ட்மெண்ட் வாரியா பத்து பத்து நிமிஷம் தள்ளி தொடங்க வைங்க, காசே இல்லாத தீர்வு. டைம்டேபிள் கமிட்டி முணுமுணுக்கும், பரவாயில்ல.

அதுக்கும் மேல வேணும்னா முந்தின நாள் ராத்திரி மெஷினைப் பெருசாக்கி, டெஸ்ட் முடிஞ்சதும் சின்னதாக்குங்க. க்ளவுடோட உண்மையான லாபம் இங்கதான், வருஷத்துல பத்து நாளைக்குத் தேவைப்படுற சக்திக்காக வருஷம் பூரா காசு கட்ட வேண்டாம். ஆனா அமேசான்ல மெஷினை நிறுத்தித் தொடங்கினா பப்ளிக் ஐபி மாறிடும், எலாஸ்டிக் ஐபி (மாறாத நிலையான ஐபி) முன்னாடியே போட்டிருக்கணும். டி வரிசை மெஷின் விலை கம்மின்னு எடுப்பாங்க, அது சிபியு கிரெடிட்ல (சும்மா இருக்கும்போது சேர்ந்து, வேலை அதிகமானா செலவாகுற கணக்கு) ஓடுறது, சாதாரண நாளுக்கு அருமை, ரெண்டு மணி நேர டெஸ்டுல கிரெடிட் தீர்ந்தா வேகம் குறையும், இல்ல கூடுதல் பில் வரும்.

10. சம்மதம், சட்டம்

2023-ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, பெரும்பாலான கடமைகள் 18 மாசம் கழிச்சு அமலுக்கு வருது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாம விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். கரஸ்பாண்டன்ட் காதுல இந்த ஒரு நம்பர் போதும், செக்யூரிட்டிக்கு காசு கேக்குறது சுலபமாயிடும்.

அந்தச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தை. ஃபர்ஸ்ட் இயர் சேர்ற பசங்கள்ல நிறைய பேருக்கு 17 தான். அதனால அட்மிஷன் ஃபார்ம்லயே பெத்தவங்க சம்மதத்துக்கு ஒரு பத்தி சேர்த்து, தமிழ்லயும் போடுங்க, கையெழுத்து போடுறவங்களுக்குப் புரியணும். ஜாதிச் சான்றிதழ், ஆதார் நகல், ஸ்காலர்ஷிப் பேங்க் விவரம் இதையெல்லாம் லிங்க் இருந்தா யாரும் பாக்கலாம்ங்கிற நிலையில ஷேர் பண்றது சர்வ சாதாரணமா நடக்குது. ஸ்டூடன்ட் டேட்டா இருக்குற டிரைவுக்கு வெளி ஷேரிங்கையே அட்மின் பக்கத்துல மூடிடுங்க.

11. பேக்கப்பும் வெளிய வர்ற வழியும்

க்ளவுடுக்குப் போனா பேக்கப் அவங்களே பாத்துப்பாங்கன்னு ஒரு நினைப்பு. வாடகை வீட்டுல கட்டடம் ஓனரோடது, பீரோ பூட்டுறது நம்ம வேலை. மெஷின் பழுதானா அவங்க பாப்பாங்க, நீங்க தப்பா அழிச்ச டேட்டாபேஸுக்கு அவங்க பொறுப்பு இல்ல. தினமும் டம்ப், வேற அக்கவுண்ட்ல ஒரு காப்பி, வாரத்துக்கு ஒண்ணு காலேஜ்லயே ஒரு ஹார்ட் டிஸ்க்ல. பழைய சர்வரைத் தூக்கிப் போடாதீங்க, அதுக்கு இனிமே இதுதான் வேலை.

செமஸ்டருக்கு ஒரு தடவை அந்த பேக்கப்பை எடுத்து காலியான மெஷின்ல நிஜமாவே ஓட வெச்சுப் பாருங்க. எடுத்த பேக்கப் திறக்கலைங்கிறது அவசரத்துல தெரியவே கூடாது. அதே மாதிரி, டேட்டா உள்ள ஏத்த காசு இல்ல, வெளிய எடுக்கத்தான் காசு, மொத்தத்தையும் எடுத்தா எவ்வளவு ஆகும்னு ஒரு தடவை கணக்குப் போட்டு ஃபைல்ல வைங்க.

12. பாஸ் அவுட் ஆன பேட்ச்

கூகுள்ல ஒரு காலத்துல அளவே இல்லாம இடம் கொடுத்தாங்க, இப்ப மொத்த காலேஜுக்கும் சேர்த்து 100 டிபி. 4000 பசங்கன்னா தலைக்கு 25 ஜிபி. போன நாலு பேட்சையும் அப்படியே விட்டு வெச்சா 8000 ஐடி, தலைக்கு 12.5, அதுல பாதி யாரோட கல்யாண வீடியோவோ.

கடைசி எக்ஸாம் முடிஞ்சதும் தேதி போட்டு அறிவிப்பு, டேட்டாவை சொந்த ஐடிக்கு மாத்திக்க மூணு மாசம், அப்புறம் சஸ்பெண்ட், இன்னும் ஆறு மாசம் கழிச்சு டெலீட். சஸ்பெண்ட் பண்ணாம நேரா டெலீட்டுக்குப் போகாதீங்க. பிளேஸ்மென்ட் கம்பெனிக்கு காலேஜ் ஐடிதான் கொடுத்திருப்பாங்க, ஆஃபர் லெட்டர் அதுலதான் வரும், அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி பிளேஸ்மென்ட் ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.